நீறு

எரிபொருள் வரிசை மல்லாவிச் சந்தியில் தொடங்கி
ஆஸ்பத்திரி மதிலையும் தாண்டிப் போன மாதம்
இன்பரூபன் வந்தான்
ஒரு பழைய ஹீரோ ஹொண்டாவில்.
தாங்கியின் மேல்
கறுப்பு நாடா சுற்றிய சோடாப் போத்தல்.
உள்ளே தண்ணீர்,
தண்ணீருக்குள் குமிழிகள்.
"வவுனிக்குளத்துத் தண்ணி அண்ணை, வேறொண்டும் இல்லை."

மூன்றாம் நாளாக வரிசையில் நின்றவர்களுக்கு
குமிழி என்றால் என்ன, கடவுள் என்றால் என்ன.

ஒரு லீற்றருக்கு நூறு கிலோமீற்றர்.
முற்பணம் ஏழாயிரம்.
பெயர் பதிய ஒரு கொப்பி.
முதற் பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது
ஒரே பேனையில், ஒரே கையெழுத்தில்.
அதை நான் பிறகுதான் யோசித்தேன்.

நான் பம்பு திருத்துகிறவள்.
தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் தேடித் தேடி
ஊரே தேய்ந்ததைப் பார்த்தவள்.
அந்தத் தண்ணீரே பம்பை இயக்குமென்றால்
கிணறு தன்னைத் தானே இறைத்துக்கொள்ளும்.
தன் குடுமியைத் தானே பிடித்துத் தூக்கி
ஒருவன் வாய்க்காலைத் தாண்டுவான்.

ஆனாலும்
தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில்
மோட்டார்சைக்கிள் ஓடிய மண் இது.
சேலைன் குழாயால் நாலு துளி பெற்றோல் ஊதி,
உதைத்து, உதைத்து,
வெள்ளைப் புகைக்குள் முன்னால் போனவரைத்
தொலைத்தபடி போனோம்.
ஆகவே 'நடக்காது' என்ற சொல்
இங்கே யாருடைய வாயிலும் இலகுவில் வராது.
என் வாயிலும்தான்.

மண்ணெண்ணெய் எரியும்.
அது முதலில் புகையைத் தந்தது,
தலையிடியைத் தந்தது,
பிறகுதான் தூரத்தைத் தந்தது.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
டைனமோவில் செய்தி கேட்ட இரவுகளில்
பெடல் சுற்றுவது என் முறை.
கை ஓய்ந்தால்
வாசிப்பவரின் குரல் பாதி வசனத்தில்
கிணற்றுக்குள் விழும்.
எவ்வளவு தூரத்திலிருந்து வந்த செய்தியும்
என் தோள்மூட்டைக் கேட்காமல்
வந்ததே இல்லை.

"தம்பி, பற்றரியைக் கழட்டிப்போட்டு
ஒருக்கா ஓடிக் காட்டும்."
சிரித்தான். "அக்கா, நம்பிக்கை வேணும்."
"அது லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?"
ஒருவரும் சிரிக்கவில்லை.
யோகபுரத்துச் செபநேசன் என்னைத் தள்ளாத குறை:
"வாற நல்லதையும் வர விடாதையுங்கோ."

பத்தாம் ஆண்டில், கூரையில்லாத ஆய்வுகூடத்தில்
சோதனைக்குழாயில் ஐதரசனைக் கொளுத்தினோம்.
பொப் என்றொரு சத்தம்.
கண்ணாடியின் உட்புறம் மெல்லிய ஈரம்.
அதே தவணையில்
நீறு பூத்த நெருப்பை
'நீர் பூத்த நெருப்பு' என்றெழுதி
அடி வாங்கினேன்.
இப்போது பார்த்தால்
பிழை அவ்வளவு பெரிதில்லை.
நீரும் நீறுதான்,
என்றோ எரிந்து முடிந்த ஒன்றின் சாம்பல்.
அதை மறுபடி கொளுத்த வேண்டுமென்றால்
எரிந்தபோது அது தந்ததையெல்லாம்
முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தது பற்றரி.
பற்றரிக்குக் கொடுத்தது எஞ்சின்.
எஞ்சினுக்கு?
குனிந்தேன்.
சீற்றுக்குக் கீழே
எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குழாய்,
சேலைன் குழாய்.
விரலை வைத்து மணந்து பார்த்தேன்.
விரலை எல்லோருக்கும் நீட்டினேன்.
யாரும் மணக்கவில்லை.
முப்பத்தாறு பெயர்களோடு அவன்
துணுக்காய்ப் பக்கம் போனான்.

இப்போது என் கொட்டிலில்
பதினொரு சோடாப் போத்தல்கள்,
துருப்பிடித்த தண்ணீர்.
கழற்றித் தரச் சொல்லி வந்தவர்கள்
காசைப் பற்றிக் கதைக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
செபநேசன் மகனை அனுப்பியிருந்தார்.

ஓர் இரவு கதவை உள்ளால் பூட்டிவிட்டு
என் சொந்தப் பம்பில்
அதில் ஒன்றைப் பூட்டினேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
கயிற்றை இழுத்தேன்.
நாலு தரம்.
பிறகு இன்னுமொரு தரம்.

விடியும்வரை காபரேற்றரைத் துடைத்தேன்.